ஓய்வு தாங்காத டிஸ்க்

சேரன்மகாதேவி பஸ் நிலையத்துக்கு எதிரே, உரக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் நடுவில் ஒடுங்கி நிற்கிற கம்ப்யூட்டர் கடைக்குப் பெயர்ப்பலகை இருக்கத்தான் செய்தது. அதைப் படித்துவிட்டு வந்தவர்கள் யாருமில்லை. "பிரேமா கடை எங்கன இருக்கு?" என்று கேட்டால் ஆட்டோக்காரர் முதல் பூக்காரி வரை கையை நீட்டுவார்கள். பலகையில் இருந்ததோ அவள் புருஷன் பேச்சிராஜின் பெயர். சாமான் வாங்குவதும் விற்பதும் அவன் பாடு. கழற்றுவதும் மாட்டுவதும் பிரேமலதாவின் பாடு. மாட்டிக் கொடுத்த இரண்டாம் நாள் அவளே போன் பண்ணி, "நல்லா ஓடுதா அண்ணாச்சி?" என்று கேட்பாள். வேறு எந்தக் கடைக்காரனும் அப்படிக் கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வியில்தான் கடை ஓடிக்கொண்டிருந்தது.

போன வருடம் முழுக்க அவளுக்கு ஒரே வேலை. உள்ளே தட்டு சுழல்கிற பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டு, சுழலாத புது டிஸ்கை, எஸ்.எஸ்.டியை, மாட்டுவது. தீப்பெட்டி இரண்டைச் சேர்த்து வைத்தது போல இருக்கும். காற்று மாதிரி கனமில்லாதது. சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடித்து வந்தால்தான் திறக்கும் என்றிருந்த கம்ப்யூட்டர்கள், நாற்காலியில் உட்காருவதற்குள் திறந்தன. சனங்கள் அதை அவள் கைராசி என்றே நினைத்தார்கள். டிஸ்க் எந்தக் கம்பெனி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. "பிரேமா வச்சது" என்றார்கள். அவ்வளவுதான் கம்பெனி.

டப்பாவில் ஒரு கழுகுப் படம் இருந்தது. அந்தப் பெயரை அவள் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. "இது நல்லதாங்க?" என்று முதல் டப்பாவைப் பிரிக்கும்போதே பேச்சிராஜிடம் கேட்டாள். "கொரியாக்காரன் சரக்குதாம்ளா உள்ள. மேல ஒட்டுன பேருதான் வேற," என்றான் அவன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அப்படிப் பதினாலு கழுகுகள் சேரன்மகாதேவி, முக்கூடல், கல்லிடைக்குறிச்சி என்று ஆற்றோரமாகவே போய் அடைந்தன.

ஆடியில் முதலில் செத்தது டைட்டஸ் சாருடையது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறவர், தூத்துக்குடிக்காரர். மாதா கோயில் திருவிழாவுக்குப் பத்து நாள் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பினால், கம்ப்யூட்டர் தனக்கு டிஸ்க்கே இல்லை என்று சொல்லிவிட்டது. "ஏம்மா பிரேமா, கொடிமரத்தடியில முட்டி போட்டு வேண்டிட்டு வாரேன். மாதா எனக்குக் குடுத்த வரமா இது?" என்று அந்த வருத்தத்திலும் சிரித்தார். அடுத்தது முக்கூடலில் இ-சேவை மையம் வைத்திருக்கும் கலையரசியுடையது. மாமியார் காரியத்துக்காக ஐந்து நாள் மூடியிருந்தாள். மூன்றாவது மேலப்பாளையம் ஜமீலா பீவியுடையது. எம்பிராய்டரி மெஷினுக்கான இருநூறு பூ டிசைன்கள் அதில் இருந்தன. மகள் நிக்காஹுக்கு நாலு நாள் கடையை அடைத்தார். திறந்தபோது ஒரு பூவும் இல்லை.

மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டு, ஒரு வியாழக்கிழமை மத்தியானம், பிரேமலதா தயிர்ச்சோற்றைப் பிசைந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பிசானச் சாகுபடிக்கு விதை நெல் ஏற்றிய டிராக்டர் ஒன்று உரக்கடை வாசலில் நின்று உறுமியது. மழை வருவது போல வந்து, வராமல், ஊரை அவித்துக்கொண்டிருந்தது. திடீரென்று அவளுக்கு ஒன்று உறைத்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றுகூடச் சாகவில்லை. ராத்திரி அணைத்துக் காலையில் போட்டால் எழுந்துகொள்கிறது. சேர்ந்தாற்போல் சில நாள் சும்மா கிடந்தால்தான் எழவில்லை. இந்தச் சவத்துக்கு வேலை தாங்கும். ஓய்வுதான் தாங்காது.

நிமிர்ந்து காலண்டரைப் பார்த்தாள். திங்கட்கிழமை ஆயுத பூசை. ஞாயிறு அதோடு சேர்ந்துகொண்டது. ஊரில் இருக்கிற ஒவ்வொரு கடையிலும் சனிக்கிழமையே கம்ப்யூட்டரைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, அணைத்து, பூசையில் வைத்துவிடுவார்கள். பிறகு செவ்வாய்க்கிழமை விஜயதசமிக்குத்தான் தொடுவார்கள். மிச்சம் பதினொரு கழுகுகள். மூன்று ராத்திரி.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போனாள். மொத்த வியாபாரி தாஜ் முகம்மது கடை மாடியில். அவர் செத்த டிஸ்க் ஒன்றின் மூடியை நகத்தாலேயே நெம்பித் திறந்து, விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்.

"சில்லு மேல எழுத்தச் சொரண்டியிருக்கான் பாத்தியளா? எங்கயோ ஓடித் தேஞ்ச பழைய சில்லு தங்கச்சி. கரண்டு இருக்கிற வரைக்கும் எழுதுனத ஞாபகம் வச்சிருக்கும். சும்மா கெடந்தா அயத்துப் போவும்."

"நீங்கதான குடுத்தீங்க அண்ணாச்சி?"

தாஜ் முகம்மது டிஸ்கைக் கீழே வைத்தார். "குடுத்தேன். இல்லன்னு சொல்லல. வீட்டுல பிள்ளைங்க படம் பாக்கதுக்குப் போடலாம், கடைக்காரனுக்குப் போட்டுராதேன்னு பேச்சிராஜ்ட்டப் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஆயிரத்து அறுநூறு ரூவாய்க்கு வேற என்ன குடுப்பான்? அன்னைக்கு நல்லது மூவாயிரத்து இருநூறு வித்துது. அவரு ஒங்ககிட்ட ஒண்ணும் சொல்லலயா?"

 கடையில் எல்லோரிடமும் பேச்சிராஜ் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் வாங்கினான். அவளும் பக்கத்தில்தான் நின்றாள். 'ஒங்களுக்காவ முந்நூறு கொறச்சிருக்கேன்' என்று அவன் சொன்னபோது, அந்த முந்நூறுக்காகச் சனங்கள் நன்றியோடு சிரித்தார்கள்.

"இப்ப நல்லது என்ன வெல அண்ணாச்சி?"

"அதைக் கேக்காதீய. ஏழாயிரத்து எண்ணூறு. நேத்து ஏழு. நாளைக்கு என்னன்னு எனக்கே தெரியாது. வெளிநாட்டுல பெரிய பெரிய கம்பெனிக்காரன் சில்லு பூராத்தையும் வாரிட்டுப் போறான். கழுகே இப்ப நாலாயிரம், அதுக்கும் ஆளு நிக்கான்." பிறகு குரலைத் தணித்து, "ஒரு டீ சொல்லட்டா? மொகமே சரியில்ல," என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில், தேங்காய்த் துவையலுக்கு வறுத்த மிளகாய் கருகி வீடே இருமியது. பேச்சிராஜ் சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுக்களை வாசலில் நின்றான்.

"தாஜ் பாய் சொன்னா அப்படியே வேதமாக்கும். அவரு பங்குக்குத் தப்பிச்சிக்கிடுதாரு."

"கடைக்காரனுக்குப் போடாதேன்னு சொன்னாரா, இல்லியா?"

"சொன்னாரு. அவரு ஆயிரம் சொல்லுவாரு. டப்பாவுல மூணு வருசம் வாரண்டின்னு போட்டிருந்தான்ளா. நான் என்ன சில்லுக்குள்ள பூந்தா பாக்க முடியும்?"

"கொரியா சரக்குன்னு ஏங்கிட்ட சொன்னீங்களே."

"அன்னைக்கு வாடகை ஏத்திட்டான், ஒனக்கு நெனவில்லியா? சாமான் வெல கேட்டு வந்தவன்லாம் போன எடுத்துக் காட்டி, ஆன்லைன்ல இவ்வளவுதான இருக்குன்னான். எதுலதான் நாலு காசு பாக்க?"

"நாலு காசு. ஒரு டிஸ்க்குக்கு ஆயிரத்து முந்நூறு."

"நீ தின்னலியா அதுல? இந்தா கொதிக்கி பாரு, அந்தக் குக்கரு எதுல வந்துது?"

அவள் அடுப்பை அணைத்தாள். அவன் சொன்னது பொய்யில்லை. அந்தக் கழுகு டப்பாவை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது, அதன் கனமின்மையில் ஒரு பொய் இருப்பதாக அவள் விரல்களுக்குத் தோன்றியது. விரலுக்குத் தோன்றியதை வாய்க்கு வரவிடாமல் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

"பதினோரு பேர்ட்டயும் சொல்லப் போறேன்," என்றாள்.

"என்னன்னு?"

"டிஸ்க் சரியில்ல, அணைக்காதீங்கன்னு. உள்ள இருக்கிறத எடுத்து, அன்னைக்குக் கழட்டுன அவங்க பழைய டிஸ்க்லயே போட்டுக் குடுத்துருதேன். பையத்தான் ஓடும். ஓடட்டும்."

"ஆயுத பூசைக்கு அணைக்காதீங்கன்னா? ஒனக்குக் கோட்டி புடிச்சிருக்கா? திங்கக்கெழமை வெளக்கு முன்னால மெஷினு ஓடிட்டுக் கெடந்தா செருப்பால அடிப்பான். சும்மா கெடளா. வந்தா வருது, வராட்டா கம்பெனி மேல போட்டுருவோம். இப்ப நீயா போய்ச் சொன்னா, கடையப் பூட்டிட்டு ஆத்துல போய்க் குதிக்க வேண்டியதுதான்."

அவள் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.

சிலர் கேட்ட மாத்திரத்தில் பதறினார்கள். சிலர் திட்டினார்கள். விசைத்தறிக்காரர் ஒருவர், "துட்டு குடுத்து கார் வாங்கிட்டு இப்பத் திரும்ப மாட்டுவண்டியில ஏறச் சொல்லுதியாம்மா?" என்றார். இருந்தாலும் ஏழு பேர் ஒப்புக்கொண்டார்கள். மூன்று பேர் ஏற்கெனவே பூட்டிவிட்டு ஊருக்குக் கிளம்பியிருந்தார்கள். கல்லிடைக்குறிச்சி அப்பளக் கம்பெனி சங்கரசுப்பிரமணியன் அண்ணாச்சி மட்டும் போனையே எடுக்கவில்லை.

அவர் எடுக்க வேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள். பதினாலு வருடத்து ஆர்டர்கள், பம்பாயிலும் துபாயிலும் இருக்கிற கடைக்காரர்களின் விலாசம், எந்த ஊருக்கு எந்த உப்பு, எந்த அளவு என்கிற பக்குவம், லேபிள்கள் எல்லாம் அந்த ஒரு கம்ப்யூட்டரில். தீபாவளிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. போதாததற்கு, கல்லிடைக்குறிச்சியில் பாதிப்பேரை அவள் கடைக்கு அனுப்பி வைத்தவரும் அவர்தான்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் அங்கே நின்றாள். முற்றத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் உளுந்து மாவை உருட்டித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். வானம் பார்த்து அப்பளத்தைப் பாயில் விரிப்பதும், நாலு தூறல் விழுந்ததும் வாரிக்கொண்டு ஓடுவதுமாக ஒரே கூப்பாடு. அவர்களில் மூத்தவள் பேச்சித்தாய், மாவுக் கையோடு நிமிர்ந்தாள்.

"வாளா பிரேமா. பூசைக்கு அழைக்காமலே வந்துட்ட. பொரிகடலை திங்கட்கெழமைதான்."

"அண்ணாச்சி இருக்காங்களா பெரிம்ம?"

"உள்ளதான் இருக்காரு. நல்ல நேரம்னு காலையில ஏழு மணிக்கே பூசையில வச்சாச்சி. கம்ப்யூட்டரு புதுப்பொண்ணு மாதிரி இருக்கு, போய்ப் பாரு."

அவள் பார்த்தாள். மேசைக்குக் கோலம் போட்டிருந்தது. திரைக்கு மூன்று பட்டை சந்தனம், நடுவில் குங்குமம். பெட்டிக்குச் சரிகைத் துண்டு போர்த்தி, மேலே சாமந்தி. வயரைப் பிடுங்கிச் சுருட்டி, அதற்கும் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். நேற்று சாயங்காலம் வேலை முடிந்ததுமே அணைத்திருந்தார்கள். ஒரு ராத்திரி போய்விட்டது.

சங்கரசுப்பிரமணியன் திருநீற்றுக் கையோடு வந்தார். அறுபது வயதிருக்கும். கோபமே வராதவர் என்று ஊரில் பெயர். அவள் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்: டிஸ்க் சரியில்லை, மூன்று பேருக்குப் போய்விட்டது, சும்மா கிடந்தால் இதுவும் போய்விடும், இப்போதே போட்டால் வரும், பழைய டிஸ்கில் எடுத்துத் தருகிறேன், ஒரு பைசா வேண்டாம்.

அவர் நிதானமாகக் கேட்டார். "பூசையில வச்ச சாமானத் தொடச் சொல்லுதியா?"

"ரெண்டு மணி நேரம் அண்ணாச்சி. அப்புறம் நானே சந்தனம் வச்சுருதேன்."

"எங்க அய்யா காலத்துல தராசயும் ஒரல்களையும் வச்சோம். தராசுக்கு ஒருநாள் ஓய்வு குடுத்தா அது எடை மறந்துருமா? எந்தக் கருவிம்மா ஓய்வு குடுத்தா சாவும்?"

"இது செத்துரும் அண்ணாச்சி. இது மட்டமான சாமான்."

முற்றத்தில் மாவு உருட்டுகிற சத்தம் நின்றது. 

"மட்டமான சாமானா?" என்றார் அவர். "மூவாயிரத்து இருநூறு சாமானு, நமக்காவ முந்நூறு கொறச்சிருக்கேன்னானே ஒன் வீட்டுக்காரன்?"

"அது ஆயிரத்து அறுநூறு ரூவா சாமான்."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு அந்த அறை ரொம்பப் பெரிதாகவும், தான் அதில் எங்கோ தூரத்தில் நிற்பதாகவும் இருந்தது.

அவர் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. நாற்காலியில் பைய உட்கார்ந்தார். "அப்பம் அன்னைக்குச் சொன்னது பொய்யி. இன்னைக்குச் சொல்லுதது மட்டும் மெய்யின்னு நான் எதை வச்சு நம்ப?"

"அண்ணாச்சி…"

"நேத்து எங்க மருமகன் போன் பண்ணுதான். டிஸ்க்கு வெல ரெண்டு பங்கா ஏறிட்டு, கடைக்காரனெல்லாம் பயமுறுத்தியே விக்கான்னு. நீ போம்மா. செவ்வாக்கெழமை காலையில நல்ல நேரத்துல போடுவேன். அப்பம் தெரியும்."

"ஒருவேள வராட்டா?"

"நல்ல நாள்ல வாயில வசம்ப வச்சித் தேய்க்க," என்று வாசலிலிருந்து பேச்சித்தாய் சீறினாள். "வெளங்குமா இது? பூசை மாடத்துக்கு முன்னால நின்னுக்கிட்டு."

சனியும் ஞாயிறும் அவள் பஸ் மாறி பஸ் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில், முக்கூடலுக்கு எந்த பஸ் என்று நின்றுகொண்டிருந்தவள் முன்னால் பேச்சிராஜ் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தினான். "ஏறு," என்றான்.  அவள் ஒவ்வொரு கடையிலும் உட்கார்ந்து பிரதி எடுக்கும்போது அவன் வெளியே மழைக்கு ஒதுங்கி நின்றான். ஒரு கடையில் அவனைப் பார்த்து, "வாங்க கழுகு அண்ணாச்சி," என்றார்கள். கேட்காதவன் போல ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஏழு கழுகுகளைக் கழற்றியாயிற்று; ஊருக்குப் போன மூன்று பேரும் இன்னும் திரும்பவில்லை. திங்கட்கிழமைக்குள் பேச்சு ஊரைச் சுற்றிவிட்டது. பிரேமா கடையில் புது டிஸ்க் விற்பதற்காகப் பழையதைக் குறை சொல்கிறார்கள் என்று ஒரு கட்சி. புருஷன் பெண்டாட்டிக்குள் பங்குச் சண்டை, அதில் உண்மை வெளியே வந்துவிட்டது என்று இன்னொரு கட்சி. முன்பு கம்பெனி பெயரைக் கேட்காதவர்கள் இப்போது மவுசுக்குக்கூட எந்தக் கம்பெனி என்று கேட்டார்கள். மூன்று பேர் சரிபார்க்கக் கொடுத்திருந்த கம்ப்யூட்டரைச் சரிபார்க்காமலே வாங்கிக்கொண்டு போனார்கள். கடையில் பூசைக்கு வாங்கிய பொரியை வந்து வாங்க ஆளில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, கல்லிடைக்குறிச்சிக்குக் கிளம்புவதற்கு முன், கழற்றிய ஏழையும் ஒவ்வொன்றாகச் சொருகிப் பார்த்தாள். நாலு எழவில்லை. மூன்று எழுந்தன.

"பாருங்க," என்றாள். "நாலு."

"பாத்தேன்." பேச்சிராஜ் அந்த நாலையும் உள்ளங்கையில் அடுக்கினான். "யார்ட்டக் கொண்டு போய்க் காட்டுவ? இது எப்பம் செத்துது, ஏன் செத்துதுன்னு இதுவா வாயத் தெறந்து சொல்லப் போவுது? நீ சொன்னதக் கேட்டவனுக்கு ஒண்ணும் ஆவல. அதனால நீ சொன்னதே பொய்யின்னு ஆயிட்டு."

 அவன் குரலில் குத்தல் இல்லை என்பதை மட்டும் அவள் கவனித்தாள்.

அப்பளக் கம்பெனி வாசலில் பேச்சிராஜ் பைக்கிலேயே உட்கார்ந்துகொண்டான். "நான் வரல. என்னப் பாத்தா அவருக்குக் கோவம் வந்துரும். இதுவரைக்கும் வராத மனுசன்."

உள்ளே எல்லோரும் கூடியிருந்தார்கள். பெண்கள் குளித்த ஈரக் கூந்தலோடு, இன்னும் மாவில் கை வைக்காமல், சுவரோரமாக நின்றார்கள். சூடம் காட்டி முடிந்திருந்தது. சரிகைத் துண்டை எடுத்தாயிற்று, வயரைச் சொருகியாயிற்று. சங்கரசுப்பிரமணியன் அவளைப் பார்த்ததும், "வா. நீ வரட்டும்னுதான் பாத்துக்கிட்டிருக்கேன்," என்றார். அது ஏளனமா மரியாதையா என்று தெரியவில்லை.

பொத்தானை அமுக்கினார்.

விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. சந்தனம் காய்ந்து வெடித்திருந்த திரை கறுப்பாகவே இருந்தது. எண்ணிப் பார்த்தால் பத்து வினாடிகூட இருக்காது. ஆனால் பிரேமலதா அதற்குள் வெகுதூரம் போய்விட்டாள். திரை அப்படியே கறுப்பாக நிற்கிறது. அண்ணாச்சி திரும்பி அவளைப் பார்க்கிறார். பேச்சித்தாய் வாயைப் பொத்துகிறாள். 'அவ அன்னைக்கே சொன்னாள்லா' என்று ஒருத்தி சொல்கிறாள். அந்தச் சொல் முற்றத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்து, பஸ் ஏறி, பாலம் தாண்டி, கடை வாசல் வரைக்கும் போகிறது. பதினாலு வருடம், பம்பாய், துபாய், இங்கே நிற்கிற பதினைந்து பெண்களின் தீபாவளிக் கூலி எல்லாம் அந்தக் கறுப்பில் கிடக்க, அவள் நெஞ்சு தெள்ளத் தெளிவாக ஒன்றை வேண்டிக்கொண்டது.

திரை வெளுத்தது. அப்பளக் கம்பெனி லேபிள் படம் வந்து நின்றது.

பெண்கள் குலவையிட்டார்கள். "நம்ம வீட்டுச் சாமான் நம்மளக் கைவிட்டிருமா?" என்றாள் பேச்சித்தாய், கம்ப்யூட்டரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு.

பிரேமலதா அவர் பக்கம் ஒரு எட்டு வைத்தாள். "அண்ணாச்சி, வந்துட்டு. சந்தோசம். இப்பமாவது ஒரு பிரதி எடுத்துத் தந்துருதேன். தீபாவளிக்கு நாலு நாள் மறுபடி அணைப்பீங்க."

"வேண்டாம்மா."

"தாஜ் பாய்ட்ட கேட்டு நல்ல டிஸ்க்கே மாட்டித் தாரேன். துட்டு வேண்டாம்."

"அதான் வந்துட்டுல்லா? திருநெவேலியிலருந்து மருமகன் ஆள் அனுப்புதேன்னிருக்கான். அவங்க பாத்துக்கிடுவாங்க." சொல்லிவிட்டு, தட்டிலிருந்து பொரியும் கடலையும் இரண்டு கை அள்ளித் தாளில் பொட்டலம் கட்டி நீட்டினார். "வெறுங்கையோட போவாத. நல்ல நாளு."

அவள் வாங்கிக்கொண்டாள். 

வெளியே வெயில் பளீரென்று அடித்தது. பெண்கள் ஒருவருக்கொருவர் சத்தம் போட்டபடி பாய்களை விரிக்கத் தொடங்கியிருந்தார்கள். பேச்சிராஜ் அவள் முகத்தையே பார்த்தான்.

"வந்துட்டா?"

"வந்துட்டு."

அவன் தலையைக் குனிந்து சாவியைத் திருப்பினான். வண்டி கிளம்பவில்லை. மறுபடி திருப்பினான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

"ஏங்க, உள்ள நின்னுக்கிட்டு, அது வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்."

 அவன் ஒரு கையை ஹாண்டில்பாரிலிருந்து எடுத்து, ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டான்.

"நானுந்தாம்ளா," என்றான்.